துண்டுக்குள் கேட்ட சம்பளம்

வேலை தேடுகிறவர்களுக்கு வழிகாட்டும் வேலைக்கு நீங்கள் புதிதாக வந்திருக்கிறீர்கள். வாழ்த்துகள். தனக்கு வேலை கிடைத்துவிட்ட நிம்மதியை, வேலை இல்லாதவர்களின் எதிரில் உட்கார்ந்து அனுபவிக்கச் சம்பளமும் தருகிற தொழில் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். முப்பது வருடம் அந்த நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தவன் என்பதால் என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். என் வெற்றிகளைச் சொன்னால் உங்களுக்குப் பொழுது போகும். அதனால் நான் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன்.

ஐம்பதுகளின் கடைசி. அதுவரை மதுரைப் பத்திரிகை ஒன்றுக்குத் திண்டுக்கல் நிருபராக இருந்தேன். கிணற்றில் விழுந்தவர், தேரோட்டம், நகரசபைக் கூட்டம் எல்லாவற்றையும் எட்டு வரிக்குள் எழுதுவேன். ஒருநாள் பத்திரிகை நின்றுபோனது. அந்தச் செய்தியை யாரும் எட்டு வரியில்கூட எழுதவில்லை. பதினைந்து நாள் பேருந்து நிலையத்தைச் சுற்றி வந்தபின், ஒரு தட்டெழுத்துப் பயிற்சி நிலையத்தில் எனக்கு இடம் கிடைத்தது. முன் அறையில் பன்னிரண்டு தட்டெழுத்து இயந்திரங்கள். பின் அறையில் 'உத்தியோக வழிகாட்டி வகுப்பு'. அந்தப் பின் அறைதான் எனக்கு.

நிலையத்தின் முதல்வர், பெயர் வேண்டாம், சென்னையில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் ஆள் எடுக்கும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். அங்கிருந்து வரும்போது ஒரு சிறு புத்தகத்தையும், வேலை தேடுவது ஒரு விஞ்ஞானம் என்ற நம்பிக்கையையும் கொண்டுவந்திருந்தார். சுவரில் பெரிய அட்டவணை. பன்னிரண்டு வாரம், பன்னிரண்டு கட்டம். முதல் வாரம், உனக்குத் தெரிந்த முப்பது காரியங்களை எழுது. இரண்டாம் வாரம், உன்னைத் தெரிந்த முப்பது பேரை எழுது. மூன்றிலிருந்து ஆறு வரை, அவர்களைப் போய்ப் பார். ஏழாம் வாரம் விண்ணப்பம். எட்டாம் வாரம் ஒத்திகை. அதற்குப் பிறகு நேர்முகம். முடித்த கட்டத்துக்கு நீலப் பென்சில், முடிக்காததற்குச் சிவப்பு. கடைசிக் கட்டத்தில் சம்பளம். அதை எழுதினால்தான் ஒருவர் 'பூர்த்தி' ஆனதாகக் கணக்கு.

அவர் சொன்னதில் ஒன்று மட்டும் இன்றைக்கும் எனக்குப் பொன்னாகத் தெரிகிறது. "வேலை கேட்காதே. கேட்டால் இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். யோசனை கேள். யோசனை இல்லை என்று சொன்னவன் இந்த ஜில்லாவிலேயே கிடையாது." இதை அவர் சொன்ன தோரணையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்ததால், அதன் அர்த்தம் எனக்குப் புரிய மூன்று மாதம் பிடித்தது.

வகுப்புக்கு வந்தவர்கள் பெரும்பாலும் பள்ளி இறுதித் தேர்வு முடித்த பையன்கள். அவர்கள் நடுவில் ஒருநாள் நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் வந்து உட்கார்ந்தார். வெள்ளைச் சட்டை, கட்டம் போட்ட கைலி, தோளில் பச்சைத் துண்டு. பெயர் காதர் மைதீன். மாட்டுத் தரகர். வலது கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் இல்லை.

"மிரண்ட காளை சார். கயித்தக் கையில சுத்திப் பிடிச்சிருந்தேன். சுத்தக் கூடாதுன்னு நாந்தான் ஊருக்கெல்லாம் சொல்லுவேன்" என்றார்.

"பாக்கி மூன்று விரல் இருக்கே பாய். பேனா பிடிக்கலாம், கயிறு பிடிக்கலாம். தரகுக்கு என்ன குறை?"

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். பிறகு துண்டை எடுத்து என் கைமேல் போட்டு, அதற்குள் தன் கையை விட்டு, என் விரல்களில் இரண்டைச் சேர்த்துப் பிடித்தார்.

"இது ரெண்டு. நாலு விரலப் பிடிச்சா நாலு. மொத்தக் கையையும் பிடிச்சா அஞ்சு. சந்தையில வெலைய வாயால சொல்லக் கூடாது. பக்கத்துல நிக்கிறவனுக்குக் கேக்கும்ல. நான் அடுத்தவன் விரலப் பிடிச்சுச் சொல்லிருவேன். அவன் எனக்கு நாலுன்னு சொல்லணும்னா எங்கிட்ட ஏது விரலு?"

அவரால் சொல்ல முடியும், கேட்க முடியாது. சந்தையைப் பொறுத்தவரை அவர் செவிடராகிவிட்டார். இடது கையை நீட்டலாமே என்று கேட்டேன். மாட்டு வியாபாரத்தில் இடது கையில் விலை பேசினால் அந்த மாடு வாங்கினவன் வீட்டில் தங்காதாம். அப்படி ஒரு மாடு தங்காமல் போனதை அவர் பார்த்ததில்லை. ஏனென்றால் அப்படி யாரும் பேசியதே இல்லை.

அவருக்கு ஏன் அவசரம் என்பதையும் அன்றே சொன்னார். அவருடைய மனைவியின் தம்பி பிரியாணிக் கடை வைத்திருந்தார். மூன்று மாதம் பார்ப்பது, வேறு வேலை கிடைக்காவிட்டால் அந்தக் கடைவாசலில் நின்று போகிறவர் வருகிறவரைக் கையசைத்து உள்ளே கூப்பிடுவது என்று வீட்டில் முடிவாகியிருந்தது.

"நல்ல வேலைதானே?"

"நல்ல வேலைதான் சார். 'வாங்க வாங்கன்னு கூப்பிட மூணு விரலு போதும் மச்சான்'னு எல்லாருக்கும் முன்னால வச்சுச் சொன்னான். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னான். நானும் சிரிச்சேன். அங்க போயி நின்னா தெனமும் சிரிக்கணும்."

சரி, பன்னிரண்டு வாரம் என்பதும் மூன்று மாதம் என்பதும் பொருந்திப்போகிறது என்று முதல்வர் மகிழ்ந்தார். அட்டவணையில் பெயர் ஏறியது.

முதல் வாரம் அவர் முப்பது காரியங்கள் எழுதிக் கொண்டுவந்தார். கையெழுத்து அழகாக இருந்தது. பல்லைப் பார்த்து மாட்டின் வயசு சொல்வது. சாணத்தைப் பார்த்துத் தீனி சொல்வது. நடையைப் பார்த்து லாடம் சொல்வது. இது அதன் கன்றுதானா என்று சொல்வது. பெரும்பாலும் இப்படியே. பத்திரிகையில் பிறர் எழுதியதை வெட்டிப் பழகிய கை என்னுடையது. டவுனில் விலைபோகாதவை என்று இருபத்தாறை அடித்தேன். மிஞ்சிய நான்கு: நேர்மை, பொறுமை, கூட்டத்தில் பேசும் பழக்கம், கூட்டல் கழித்தல். இந்த நான்கும் திண்டுக்கல்லில் தெருவுக்கு இருபது பேரிடம் இருந்தன. நான் திருப்தியாக நீலப் பென்சிலை எடுத்தேன்.

மூன்றாம் வாரத்திலிருந்து முப்பது பேரைப் பார்க்கப் போனார். முதல்வர் சொன்னது அப்படியே பலித்தது. யோசனை இல்லை என்று ஒருவரும் சொல்லவில்லை. ஒரு வக்கீல், காளையின் சொந்தக்காரர்மேல் வழக்குப் போடச் சொன்னார். தாலுகா ஆபீஸ் குமாஸ்தா, முதலில் ஒரு மனு எழுதும்படியும் யாருக்கு எழுதுவது என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். பூட்டுப் பட்டறைக்காரர் அவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எங்க தொழிலுக்குப் பத்து விரலே பத்தாது பாய்" என்றார். தோல் பதனிடும் ஷாப் முதலாளி மட்டும் உடனே வரச் சொன்னார். காதர் பாய் மறுத்துவிட்டார்.

"ஏன்?"

"உயிரோட பாத்ததுகள அங்க போயிப் பாக்க முடியாது சார்."

அவர் மறுத்த காரணத்தை எழுத அட்டவணையில் இடமில்லை. அந்த வாரத்துக்கும் நீலம்தான் தீட்டினேன். ஏனென்றால், போய்ப் பார்த்தார் அல்லவா?

ஏழாம் வாரம் நான் எழுதிக்கொடுத்த விண்ணப்பத்தை இப்போது நினைத்தாலும் பெருமையாகவும் வெட்கமாகவும் இருக்கிறது. அதில் மாடு என்ற சொல்லே வராது. 'இருபது ஆண்டு காலம் கொள்முதல், விற்பனை ஆகிய இரு துறைகளிலும் நேரடி அனுபவம்' என்று எழுதினேன். விரலைப் பற்றியும் ஒரு சொல் இல்லை. படித்தவர் காதர் மைதீனைப் பம்பாய் வியாபாரி என்றுதான் நினைத்திருப்பார். காதர் பாயே படித்துவிட்டு, "யாரு சார் இவரு?" என்று கேட்டார்.

கடைவீதியில் ஒரு ஜவுளிக் கடை. சின்னாளப்பட்டிச் சேலைகளை மொத்தமாக எடுத்து விற்கிறவர்கள். நெசவாளர்களிடம் போய்ச் சரக்கு பார்த்து எடுக்க ஓர் ஆள் வேண்டும் என்றிருந்தார்கள். விண்ணப்பத்தைப் பார்த்துக் கூப்பிட்டார்கள். ஒத்திகையை நான் இரண்டு வாரம் நடத்தினேன். நானே முதலாளியாக உட்கார்ந்து கேள்வி கேட்டேன். என்ன சம்பளம் எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்டால், 'தங்கள் கடையின் வழக்கப்படி' என்று சொல்ல வேண்டும். பத்துத் தடவை சொல்லவைத்தேன். கடைசியில் கைப் பிரச்சினை வந்தது.

"வலது கையைக் காட்ட வேண்டாம் பாய். சேலையைத் தொட்டுப் பார்க்கிற வேலை. முதல் பார்வையிலேயே விரலைப் பார்த்தால் மனசு மாறிவிடும். வேலை உறுதியான பிறகு தெரிந்துகொள்ளட்டும்."

"சலாம் சொல்லணுமே சார்."

"தலையை மட்டும் அசையுங்கள். துண்டை வலது கைமேல் போட்டுக்கொள்ளுங்கள். இயல்பாக இருக்கும்."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். வாத்தியார் சொல்கிறார் என்று விட்டுவிட்டார். நீங்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். எதிரில் இருப்பவர் வாயெடுத்து நிறுத்திக்கொண்டால், அன்றைய தினத்தின் மிக முக்கியமான தகவல் அவர் வாய்க்குள் இருக்கிறது. நிருபராக இருந்தபோது அது எனக்குத் தெரியும். வழிகாட்டி ஆனதும் மறந்துபோனது.

நான் கடை வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எல்லாம் கண்ணில் பட்டது. முதலாளி வெள்ளை மெத்தையில். சுற்றிலும் ஐந்து சிப்பந்திகள், சேலை பார்க்கும் ஒரு கல்யாண வீட்டுக் கூட்டம். காதர் பாய் நன்றாகவே பதில் சொன்னார். முதலாளிக்குப் பிடித்துவிட்டது என்பது அவர் காபி வரவழைத்ததில் தெரிந்தது.

"சரி பாய். சம்பளம் என்ன எதிர்பாக்குறீங்க?"

காதர் பாய் சுற்றிலும் பார்த்தார். ஐந்து சிப்பந்திகள் காதைத் தீட்டி நின்றார்கள். கல்யாண வீட்டுக் கூட்டமும் சேலையை விட்டுவிட்டுத் திரும்பியது. இருபது வருடப் பழக்கம் என் பத்துத் தடவை ஒத்திகையைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தது. நாலு பேர் நடுவில் தொகையை வாய்விட்டுச் சொல்வது அவர் தொழிலில் ஈனம். அதோடு, கைமேல் துண்டு போட்டு நிற்பதற்குச் சந்தையில் ஒரே அர்த்தம்தான் உண்டு, விலை பேச நான் தயார் என்பது. அந்தக் கோலத்தில் அவரை நிறுத்தி அனுப்பியவன் நான்.

அவர் குனிந்து, மெத்தையில் ஊன்றியிருந்த முதலாளியின் கையைத் துண்டால் மூடி, விரல்களைப் பிடித்தார்.

முதலாளிக்குத் துண்டுக்கு அடியில் ஏதோ ஊர்வது தெரிந்தது. பிறகு அதில் இரண்டு விரல் இல்லாததும் தெரிந்தது. அவர் மெத்தையிலிருந்து எழுந்த வேகத்தில் காபி மூன்று சேலைகள்மேல் கொட்டியது. முதலில் சிரித்தது கல்யாண வீட்டுப் பெண் ஒருத்தி. பிறகு சிப்பந்திகளில் ஒருவன், "மொதலாளி, பல்லக் காட்டுங்க. அடுத்து அதத்தான் பாப்பாரு" என்றான். கடையே சிரித்தது. நியாயமாகப் பார்த்தால் நல்ல நகைச்சுவைதான். பத்திரிகை நின்றிருக்காவிட்டால் நானே எட்டு வரி எழுதியிருப்பேன்.

காதர் பாய் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். ஒரு டீக்கடையில் உட்கார்ந்ததும் சொன்னார்.

"கொம்பு ஒடஞ்ச மாட்ட வித்திருக்கேன் சார். ஒத்தக் கண்ணு மாட்ட வித்திருக்கேன். இன்னின்ன கொறைன்னு மொதல்ல சொல்லிட்டுத்தான் விப்பேன். பெறகு அது எம்புட்டு ஏர் உழும்னு சொல்லுவேன். கொறைய மறைச்சு வித்தா மறுவாரம் சந்தைக்குப் போக முடியாது. நீங்க என்னைய மறைச்சு விக்கப் பாத்தீங்க."

வழிகாட்டிக்குப் பதில் இல்லாத நேரத்தில் செய்ய வேண்டியதைச் செய்தேன். டீக்குக் காசு கொடுத்தேன்.

அட்டவணையில் சிவப்பு ஏறியது. முதல்வர், "மாணவர் ஒத்திகையைச் சரியாக உள்வாங்கவில்லை" என்று எழுதச் சொன்னார். எழுதினேன். நான் எழுதிய பொய்களில் மிகச் சுருக்கமானது அதுதான்.

பதினோராவது வாரம் காதர் பாய் வகுப்புக்கு வரவில்லை. மறுவாரத்தோடு கெடு முடிந்து பிரியாணிக் கடைதான். தேடிக்கொண்டு மாட்டுச் சந்தைக்குப் போனேன். இந்தப் பதினோரு வாரத்தில், ஒரு மனிதர் இருபது வருடம் பிழைத்த இடத்தை அன்றைக்குத்தான் முதல் முதலாகப் பார்க்கிறேன் என்பதை நீங்கள் குறித்துக்கொள்ளலாம். நான் குறித்துக்கொள்ளவில்லை.

ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். விலை பேசப் போக முடியாதவர், வாராவாரம் இங்கே வந்து வெறுமனே உட்கார்ந்திருந்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் நகர்ந்து இடம் கொடுத்தார். அவரிடம் வந்து வந்து போனவர்கள் ஐந்தாறு பேர் இருக்கும். "பாய், அந்தச் செவலைக்கு வயசு என்ன இருக்கும்?" "அந்தக் கறுப்பு முன்னங்கால ஊனுறது சரியில்லையே?" உட்கார்ந்த இடத்திலிருந்தே பதில் சொன்னார். கேட்டவர்கள் தலையாட்டிவிட்டுப் போய் மாடு வாங்கினார்கள். முப்பது பேரிடம் யோசனை கேட்க நாங்கள் வாசல் வாசலாக அனுப்பிய ஆளிடம் இங்கே ஊரே யோசனை கேட்டுக்கொண்டிருந்தது.

சற்றுத் தள்ளி ஒரு வெள்ளைப் பசு, மடி கனக்க நின்றது. பக்கத்தில் நெற்றியில் சுட்டியும் இடது காதில் கிழிசலுமாக ஒரு கன்று. பால் குடிக்க முடியாதபடி அதன் வாயில் கூடு மாட்டி, கயிற்றைக் குட்டையாகக் கட்டியிருந்தார்கள். விற்கிறவர் தங்கவேலு. காதர் பாயோடு பத்து வருடம் கூட்டாகத் தரகு செய்தவர். வாங்க வந்தவர் பாலசமுத்திரம் பக்கத்துப் பால் சங்கத்தின் செயலாளர். கதர்ச் சட்டை போட்ட விவசாயி. சங்கத்துக்காரர்களுக்குக் கொடுக்கப் பத்துப் பசு வேண்டும் என்று வந்திருந்தார். போனமுறை வாங்கிய பசுக்கள் ஒரு மாதத்தில் வற்றிவிட்டன என்றும், இந்த முறையும் அப்படி ஆனால் ஊருக்குள் தலைகாட்ட முடியாது என்றும் தங்கவேலுவிடமே சொல்லிக்கொண்டிருந்தார். நரியிடம் கோழிக்குக் காவல் கேட்ட மாதிரிதான்.

"கன்னு போட்டுப் பத்தே நாளுங்க. கன்னு இப்பத்தான் குடிச்சுச்சு, அதான் வாயக் கட்டிருக்கோம். பச்சக் கன்னு வெயில்ல நடக்காது. மாட்டப் பிடிச்சுட்டுப் போங்க, கன்ன சாயங்காலம் வண்டியில அனுப்புறேன்" என்றார் தங்கவேலு.

காதர் பாய் எனக்கு மட்டும் கேட்கும்படி, "மூணு வாரமா அந்தக் கன்னுக்குப் பத்து நாளுதான் வயசு" என்றார்.

எனக்கு விளங்கவில்லை.

"போன வாரம் மயிலை மாட்டுக்குக் கன்னு. அதுக்கு முந்துன வாரம் ஒரு செவலைக்கு. இன்னைக்கு இதுக்கு. மாட்டத்தான் விக்கிறாரு. கன்ன வாடகைக்கு வச்சிருக்காரு. வத்தப் போற மாடும் இப்பக் கன்னு போட்ட மாடாத் தெரியும்ல. வண்டியில வேற ஏதாச்சும் கன்னு போகும். கேட்டா மாத்திக் கட்டிட்டாங்கம்பாரு."

முதல் வாரத்தில் நான் அடித்த இருபத்தாறில் ஒன்று நினைவுக்கு வந்தது. இது அதன் கன்றுதானா என்று சொல்வது.

"போய்ச் சொல்லுங்கள் பாய். இப்பவே" என்றேன்.

"சந்தையில அடுத்தவன் சரக்கப் பத்திப் பேசக் கூடாது சார். பேசினா நாளைக்கு எவனும் பக்கத்துல சேக்க மாட்டான். இந்த மரத்தடிதான் எனக்கு மிச்சம்."

"போன ரெண்டு வாரமும் தெரிந்தே பேசாமல் இருந்தீர்களா?"

"யாரும் கேக்கல."

"குறையைச் சொல்லித்தான் விற்பேன் என்று டீக்கடையில் சொன்னீர்களே?"

"அது என் மாட்டுக்கு" என்றார் சட்டென்று. தங்கவேலு துண்டைத் தோளிலிருந்து எடுத்துவிட்டார். செயலாளரின் கை துண்டுக்குள் போகப் போகிறது. போனால் பேரம் முடிந்தது.

என் மனசில் ஓடியது தர்மம் என்று நினைக்காதீர்கள். பன்னிரண்டாம் கட்டம்தான் ஓடியது. ஆனாலும் அந்த நேரத்தில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனமான காரியம், வாயை மூடிக்கொண்டிருந்தது. இன்னொரு சொல் சொல்லியிருந்தால் அவர் எழுந்திருக்க மாட்டார் என்று இப்போதும் நினைக்கிறேன்.

அவர் எழுந்தார். வலது கையை மறைக்காமல் வீசிக்கொண்டு நடந்தார். செயலாளர்முன் நின்று, அந்த மூன்று விரலால் நெற்றியைத் தொட்டு சலாம் சொன்னார்.

"ஒரு யோசனை கேக்கணுங்க."

நான் திடுக்கிட்டேன். எங்கள் முதல்வரின் வாசகம்.

"ஏனுங்க, சொல்லுங்க" என்றார் செயலாளர்.

"ஒரு கன்னு எத்தன மாட்டுல பால் குடிக்கலாம்ங்க?"

தங்கவேலுவின் கை துண்டோடு நின்றது. செயலாளர் முட்டாள் அல்ல. காதர் பாயைப் பார்த்தார், கன்றைப் பார்த்தார், பிறகு மெதுவாகக் கேட்டார். "நீங்க சொல்லுங்க. எத்தனைல குடிக்குமுங்க?"

"எனக்கென்னங்க தெரியும். கூட்டக் கழட்டி அவுத்து விட்டா அதுவே சொல்லிரும்."

"வாயில்லா சீவன வெயில்ல போட்டு எதுக்கு இம்சை பண்ணணும்?" என்றார் தங்கவேலு. மிருகங்கள்மேல் அவருக்கு அந்த நிமிஷம்தான் கருணை பிறந்தது.

செயலாளரே குனிந்து கூட்டைக் கழற்றினார், கயிற்றை அவிழ்த்தார். பசி பொறுக்காத கன்று மடியை நோக்கி ஓடியது. பசு முகர்ந்து பார்த்தது. பிறகு ஒரே உதை. கன்று உருண்டு தங்கவேலுவின் காலடியில் விழுந்தது. வாயை அகலத் திறந்து கத்திக்கொண்டு, இருந்த பசுக்களையெல்லாம் விட்டுவிட்டு, தாயைத் தேடிச் சந்தைக்கு வெளியே ஓடியது. அதன் வீட்டை அது அறிந்துவைத்திருந்தது.

கூட்டம் சிரித்தது. ஜவுளிக் கடைச் சிரிப்பு எனக்கு நினைவு வந்தது. இந்த முறை வேறு ஒருவரைப் பார்த்துச் சிரித்தார்கள். கூட்டம் ஆள் பார்த்துச் சிரிப்பதில்லை.

தங்கவேலு துண்டை உதறித் தோளில் போட்டார். "வெரலோட சேத்து வெக்கத்தையும் வெட்டிட்டாங்களா பாய்? பத்து வருசம் ஒரே எலையில தின்னோம்."

"தின்னோம். அதனாலதான் ரெண்டு வாரம் பேசாம இருந்தேன்" என்றார் காதர் பாய்.

"இனிமே இந்தச் சந்தைக்குள்ள வந்துராத."

காதர் பாய் புளியமரத்தைத் திரும்பிப் பார்த்தார். அங்கே அவர் உட்கார்ந்திருந்த இடத்தில் ஏற்கெனவே வேறொருவர் உட்கார்ந்திருந்தார்.

செயலாளர் எங்களை ஓரமாகக் கூட்டிப்போனார். வேடிக்கை பார்த்தவர்களில் சிலர் பின்னாலேயே வந்தார்கள். எடுத்த எடுப்பில் விரலைப் பற்றித்தான் கேட்டார். காதர் பாய், கயிற்றைக் கையில் சுற்றியது தன் தப்பு என்பதிலிருந்து, விலை பேச அந்தக் கை ஆகாது என்பதுவரை எல்லாவற்றையும் சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை. கொம்பு உடைந்த மாட்டை அவர் எப்படி விற்றிருப்பார் என்பது அன்றைக்கு எனக்குத் தெரிந்தது.

"வெல பேச எங்ககிட்ட ஆளு இருக்குதுங்க. மாட்டப் பாத்துச் சொல்றதுக்குத்தான் ஆளில்லை. சங்கத்துக்கு வந்துர்றீங்களா? ஒட்டன்சத்திரம் தாண்டி எங்கூருக்கே குடி வரோணுமுங்க."

"வாரேங்க."

"சம்பளம் என்ன எதிர்பாக்கறீங்க?"

காதர் பாய் என்னைத் திரும்பிப் பார்த்தார். 'தங்கள் சங்கத்தின் வழக்கப்படி' என்று நான் உதட்டை அசைத்தேன். பழக்கதோஷம். செயலாளர் அதைக் கவனித்தாரோ என்னவோ, சுற்றி நின்று வேடிக்கை பார்த்தவர்களை ஒரு தடவை பார்த்துவிட்டுத் தன் தோள் துண்டை எடுத்தார்.

"இத்தன பேரு முன்னால எதுக்குங்க. கையக் குடுங்க."

துண்டு இருவர் கைமேலும் விழுந்தது. காதர் பாய் முதலில் தன் தொகையைச் சொன்னார், அதாவது விரலைப் பிடித்தார். துண்டு கொஞ்சம் அசைந்தது. செயலாளர் யோசித்தார். அவர் பதில் சொல்ல வேண்டும். அதற்கு அந்தக் கையில் விரல் போதாது.

"இடது கையக் குடுங்க" என்றார் செயலாளர்.

"இடது கையில பேசக் கூடாதுங்க. தங்காது."

"மாடுதான தங்காது. ஆளு தங்குமுங்க."

காதர் பாய் வலது கையை வெளியே எடுத்தார். பிறகு இடது கையைத் துண்டுக்குள் நீட்டினார். சுற்றி நின்ற தரகர்களில் ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். துண்டு மறுபடி அசைந்தது. விலகியபோது இருவரும் ஒன்றும் நடக்காததுபோல மாட்டைப் பார்க்கப் போனார்கள்.

பன்னிரண்டாம் வாரம் முதல்வர் பென்சிலோடு நின்றார். "வேலை?" கிடைத்தது. "எங்கே?" சொன்னேன். "சம்பளம்?"

"தெரியாது."

"கூடவே இருந்தீர்களே?"

"துண்டுக்குள் பேசினார்கள்."

அவர் கடைசிக் கட்டத்தைச் சுற்றிச் சிவப்பில் வட்டம் போட்டார். பூர்த்தியாகவில்லை. எங்கள் வகுப்பின் தோல்விகளில் ஒன்றாகக் காதர் மைதீன் அந்தச் சுவரில் இருந்தார். அட்டவணையைக் கழற்றிய நாளிலும் அந்தக் கட்டம் காலியாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு யாருடைய விண்ணப்பத்தையும், அவர் வேலை செய்த இடத்தைப் போய்ப் பார்க்காமல் நான் எழுதியதில்லை. முப்பது காரியம் எழுதிக் கொண்டுவந்தால் ஒன்றையும் அடித்ததில்லை. முதல்வர் இதற்காக என்னைச் சோம்பேறி என்றார்.

மூன்று வருடம் கழித்துப் பழனிப் பேருந்தில் காதர் பாயைப் பார்த்தேன். சங்கத்திலேயே இருக்கிறாராம். மச்சான் கடையில் விருந்தாளியாகப் போய்ப் பிரியாணி சாப்பிட்டாராம். வாசலில் நின்ற ஆள் கையசைத்து உள்ளே கூப்பிட்டானாம். பேச்சுவாக்கில், "அன்றைக்கு எவ்வளவு பேசினீர்கள் பாய்?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் பேருந்தைச் சுற்றிலும் ஒரு தடவை பார்த்தார். பிறகு தோளிலிருந்த துண்டை எடுத்தார்.